ஹிஸ்டோன் அசெட்டிலேஷனை வெஸ்டர்ன் பிளாட்ல பாக்குறது எப்படி: முதல் தடவை பண்றவங்களுக்கு

வெஸ்டர்ன் பிளாட்னா புரோட்டீனை ஜெல்ல ஓட்டி பிரிச்சு, மெம்பரேனுக்கு மாத்தி, ஆன்டிபாடி வச்சு கண்டுபிடிக்கிறது. முதல்ல பேரை படிக்க கத்துக்கோங்க, இல்லன்னா ஆன்டிபாடி ஆர்டர் பண்ணும்போதே குழம்பிடுவீங்க. ஹெச்3கே27ஏசின்னா ஹெச்3ங்கிற ஹிஸ்டோன் (டிஎன்ஏ சுத்தியிருக்கிற புரோட்டீன்), அதுல 27-வது இடத்துல இருக்கிற லைசின்ங்கிற அமினோ ஆசிட், அது மேல ஒரு அசெட்டைல் குரூப் ஒட்டியிருக்கு, அவ்ளோதான். லைசினுக்கு பாசிட்டிவ் சார்ஜ், டிஎன்ஏவுக்கு நெகட்டிவ், அதனால ரெண்டும் இறுக்கி பிடிச்சிட்டிருக்கும், அசெட்டைல் ஒட்டினதும் அந்த சார்ஜ் போயிடும், பிடி தளரும், ஜீனை படிக்கிற புரோட்டீன்களுக்கு உள்ள வர வழி கிடைக்கும். அசெட்டிலேஷனுக்கும் ஜீன் வேலை செய்றதுக்கும் தொடர்பு இருக்குன்னு வின்சென்ட் ஆல்ஃப்ரே 1964-லயே சொல்லிட்டாரு. ஆனா ஜீனை ஆன் பண்ற புரோட்டீன்னு ஏற்கனவே தெரிஞ்ச ஜிசிஎன்5-தான் அசெட்டைலை ஒட்டுற என்சைமும்னு டேவிட் ஆலிஸ் லேப் 1996-ல காட்டுனப்புறம்தான் இந்த ஃபீல்டே சூடு பிடிச்சுது. அதே 27-ல மூணு மெத்தில் உக்காந்தா ஜீன் ஆஃப். ஒரே லைசின்ல ரெண்டும் சேர்ந்து இருக்கவே முடியாது, எனக்கு இந்த சப்ஜெக்ட்ல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். செல்லை உடைச்ச அடுத்த நிமிஷமே அசெட்டைலை வெட்டுற என்சைம், அதாவது ஹெச்டேக், தன் வேலையை ஆரம்பிச்சிடும். அதை நிறுத்தலன்னா நீங்க பாக்குறது செல்லுக்குள்ள இருந்த நிலைமை கிடையாது, உங்க ட்யூப்ல நடந்த கூத்து. அதனால எல்லா பஃபர்லயும் 5 மில்லிமோலார் சோடியம் பியூட்டிரேட் போடுங்க, டப்பாவை திறந்ததும் கெட்டுப்போன வெண்ணெய் நாத்தம் அடிக்கும், அது அப்படித்தான் இருக்கும், பயப்படாதீங்க. புரோட்டீனை வெட்டுற என்சைம்களை தடுக்க பிஎம்எஸ்எஃப்-பும் வேணும், ஆனா அது தண்ணில சீக்கிரம் செத்துடும், கடைசி நிமிஷத்துல சேருங்க.

பிபிஎஸ்ல (பாஸ்பேட் உப்பு பஃபர்) 0.5% டிரைட்டான்ங்கிற டிடர்ஜென்ட் கலந்து, ஒரு கோடி செல்லுக்கு 1 மில்லி கணக்குல ஐஸ்ல 10 நிமிஷம் வைங்க, ஸ்பின் பண்ணுங்க, கீழ நியூக்ளியஸ் பெல்லட் கிடைக்கும், இன்னொரு தடவை அதே பஃபர்ல கழுவுங்க. அப்புறம் 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஒரு கோடி செல்லுக்கு 250 மைக்ரோலிட்டர், 4 டிகிரில ராத்திரி முழுக்க. ஹிஸ்டோன்ல லைசினும் ஆர்ஜினினும் நிறைய இருக்கிறதால அது ஆசிட்ல கரையும், மத்த புரோட்டீன் முக்காவாசியும் டிஎன்ஏவும் கீழ தங்கிடும். காலைல ஸ்பின் பண்ணி மேல இருக்கிற தெளிவான தண்ணியை மட்டும் எடுத்து, அதுல பத்துல ஒரு பங்கு 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சேருங்க. லோடிங் டை போட்டதும் நீலமா இருந்தா சரி, மஞ்சளா மாறுனா இன்னும் ஆசிட் மிச்சம் இருக்குன்னு அர்த்தம், நீலம் திரும்புற வரைக்கும் துளித்துளியா சேருங்க. இதை விட்டுட்டா ஜெல்ல பேண்ட் நேரா ஓடாது.

15% ஜெல். ஹெச்3 ஏறக்குறைய 17 கிலோடால்டன்ல நிக்கும். மெம்பரேன் 0.2 மைக்ரான் வாங்குங்க, 0.45-ல சின்ன புரோட்டீன் ஊடுருவி வெளிய போயிடும்.

ஆன்டிபாடி விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஹெச்3-ல 9-வது லைசினை சுத்தியும் 27-வதை சுத்தியும் ஒரே வரிசை: அலனின், ஆர்ஜினின், லைசின், செரின். ஒண்ணுக்குன்னு வித்த ஆன்டிபாடி இன்னொண்ணையும் பிடிக்கும். அசெட்டைல் உள்ள பெப்டைடு (சின்ன புரோட்டீன் துண்டு), இல்லாத பெப்டைடு ரெண்டையும், 9-க்கும் 27-க்கும் தனித்தனியா, டாட் பிளாட்ல, அதாவது ஜெல் இல்லாம நேரா மெம்பரேன்ல சொட்டு வச்சு பாத்துட்டு அப்புறம் நம்புங்க.

மொத்த ஹெச்3 ஆன்டிபாடியும் கட்டாயம் போடணும். ட்ரீட்மென்ட் குடுத்த லேன்ல அசெட்டைல் பேண்ட் கனமா இருந்தாலும், மொத்த ஹெச்3-யும் அதே அளவு கனமா இருந்தா நீங்க சாம்பிளை கூட லோட் பண்ணியிருக்கீங்க, அசெட்டிலேஷன்ல ஒண்ணும் மாறல. ஒரு லேன்ல பியூட்டிரேட் குடுத்து வளர்த்த ஹீலா செல் (லேப்ல வளர்க்கிற மனுஷ கேன்சர் செல்) சாம்பிளும் ஓட்டுங்க, அதுல பேண்ட் ஏறலன்னா அந்த பிளாட்டை வச்சு எதையும் எழுதாதீங்க, திரும்ப ஓட்டுங்க.