ஏழெட்டு எத்தனை? வாய்பாடு பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை உப்புவெளியில் மாலை வேளைகளில் என்னிடம் படிக்க வரும் தரம் 4 மாணவி ஒருத்தி, எட்டாம் வாய்பாட்டை ஓரெட்டு எட்டு முதல் பத்தெட்டு எண்பது வரை தடங்கலின்றிச் சொல்லி முடித்தாள். உடனே “ஏழெட்டு எத்தனை?” என்று கேட்டேன். அவள் கண்களை மூடி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியபடி, ஓரெட்டிலிருந்து மறுபடி ஏறிவந்துதான் ஐம்பத்தாறைத் தொட்டாள். வாய்பாட்டை வரிசையாக மட்டும் ஒப்புவிக்க வைத்து, பிள்ளைக்குப் பாடமாகிவிட்டது என்று நிறைவடைவதே நாம் செய்யும் பெரிய தவறு. ஒப்புவித்தல் வீணன்று, திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி அப்படித்தான் மனத்தில் பதிந்தது. ஆனால் வகுத்தலிலும் பின்னத்திலும் பிள்ளைக்குத் தேவைப்படுவது அந்த வரிசையின் நடுவே இருக்கும் ஏதோ ஒரு விடைதான். ஆகவே வரிசையைக் கலைத்துக் கேளுங்கள். ஐம்பத்தாறு எந்த இரண்டு எண்களின் பெருக்கம் என்று தலைகீழாகவும் கேளுங்கள்.

பத்து வாய்பாடுகளையும் ஒரே சுமையாகக் காட்டுவது அடுத்த தவறு. கடையில் முட்டை அடுக்கி வைத்திருக்கும் முப்பது குழித் தட்டு ஒன்றைப் பிள்ளையின் முன் வையுங்கள். ஒரு பக்கமிருந்து பார்த்தால் ஐந்து வரிசையில் ஆறாறு, திருப்பி வைத்தால் ஆறு வரிசையில் ஐந்தைந்து. முட்டை கூடவுமில்லை, குறையவுமில்லை. இதைக் கையால் திருப்பிப் பார்த்த பிள்ளைக்கு 100 பெருக்கல்கள் 55 ஆகச் சுருங்கிவிடும். அவற்றுள் எளிதான 1, 2, 5, 10 ஆகியவற்றின் வாய்பாடுகளை நீக்கினால், உண்மையில் உழைத்துப் படிக்க வேண்டியவை 21 மட்டுமே.

அவற்றையும் ஒரே இரவில் திணிக்க வேண்டாம். இடைவெளி விட்டு மீட்டுவதே நினைவில் நிலைக்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885 இலேயே எழுதிவிட்டார். நிலாவெளிக்கு பஸ்ஸில் போகும்போது மூன்று கேள்விகள், மறுநாள் காலையில் அதே மூன்று, ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை என்பதே போதுமானது.

பிள்ளை ஏழெட்டுக்கு 54 என்றோ 63 என்றோ சொன்னால், கவனமில்லை என்று அதட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 54 ஒன்பதாறின் விடை, 63 ஒன்பதேழின் விடை. பிள்ளை சரியான இடத்துக்கு அருகில்தான் தேடியிருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையை நினைத்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நாம் அவசரப்படுத்தும்போது, அச்சத்தில் தெரிந்ததும் மறந்துபோகும். விடையை உடனே நாமே சொல்லிவிடுவதும் உதவாது. “ஏழுநான்கு இருபத்தெட்டு, அதன் இருமடங்கு எவ்வளவு?” என்று ஒரு படி காட்டி, ஐம்பத்தாறை அதன் வாயாலேயே வரவிடுங்கள், பத்து நிமிடம் கழித்து, வேறு கேள்விகளுக்கு நடுவே ஏழெட்டை இன்னொருமுறை கேளுங்கள்.