கையைப் பிடித்து இழுக்காதீங்க: பார்க்கின்சன் நோய் உள்ள ஒருவரை வீட்டில் நடக்க வைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

என் வீட்டுக்காரருக்கு பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் என்று தெரிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மதுரை செல்லூரில் எங்கள் வீடு. வாசலில் மூன்று படி, உள்ளே ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் நிலை. இந்த வீட்டில் அவரை நடத்திப் பழகுவதற்குள் நான் செய்த தவறுகளை உங்களில் பலரும் இப்போது செய்துகொண்டிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

கால் ஒட்டிக்கொள்ளும்போது கையைப் பிடித்து இழுப்பதுதான் பெரிய தவறு. நன்றாகத்தான் நடந்து வருவார். அடுப்படி நிலை வந்ததும் நின்றுவிடுவார். குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும், விரல்கள் தரையைக் கவ்வும், முழங்கால் கிடுகிடுவென்று ஆடும், பாதம் மட்டும் நகராது. "என்னங்க, வாங்க, காபி ஆறுது" என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நான் பின்பக்கமாக நடந்து இழுப்பேன். உடம்பு வரும், கால் வராது. ஒருநாள் இரண்டு பேருமே சாய்ந்தோம். அடுப்பு மேடைதான் தாங்கியது.

அது பிடிவாதம் இல்லை. மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறையக் குறைய, யோசிக்காமல் தன்னால் நடக்கிற காரியங்கள் தடுமாறுகின்றன. நடை அப்படிப்பட்ட காரியம். குறுகலான வாசல், திரும்புகிற இடம், அவசரம் மூன்றுமே காலை ஒட்ட வைக்கும். ஆனால் கண்ணுக்கு ஒரு கோடோ காதுக்கு ஒரு தாளமோ கிடைத்தால், பலருக்குக் கால் மறுபடி எழும்பிவிடும்.

இப்போது அவர் நின்றால் நானும் நின்றுவிடுகிறேன். மூச்சு விடச் சொல்வேன். உடம்பின் பாரத்தை இடது காலுக்கும் வலது காலுக்கும் மாற்றி மாற்றி ஆடச் சொல்வேன். அப்புறம், "தறி மிதிக்கிற மாதிரி, ஒண்ணு, ரெண்டு, பெருசா வைங்க." முப்பது வருஷம் தறி மிதித்த கால், அந்தக் கணக்குக்கு எழும்புகிறது. அடுப்படி நிலைக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு காலடி இடைவெளியில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். கோட்டைத் தாண்டச் சொன்னால் தாண்டிவிடுகிறார். உங்கள் வீட்டில் வேறு தாளம் உதவலாம், பாட்டாகக்கூட இருக்கலாம்.

நடக்கும்போது முன்னால் நிற்காதீர்கள். பக்கத்தில், ஓர் அரை அடி பின்னால் வாருங்கள். அவர் கையை நாம் பிடிப்பதைவிட நம் கையை அவர் பிடித்துக்கொள்வது நல்லது. பேச்சும் கொடுக்காதீர்கள். தெருவில் போகிறவர் "என்ன மாமா, சௌக்கியமா?" என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்த்துத்தான் இவர் ஒருமுறை விழுந்தார். நடந்தால் நடை மட்டும், பேசினால் நின்று பேச்சு. கையில் டம்ளரும் வேண்டாம். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல், சின்ன சின்ன எட்டாக வைத்து அகலமாக வளைந்து திரும்பச் சொல்லுங்கள்.

எழுப்பும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் தவறு. தோள்பட்டைக்கும் ஆகாது, உங்கள் இடுப்புக்கும் ஆகாது. நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து வரச் சொல்லுங்கள். பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனியட்டும், மூன்று எண்ணியதும் எழட்டும். உட்கார வரும்போது முழங்காலின் பின்பக்கம் நாற்காலியில் பட்ட பிறகுதான் உட்கார வேண்டும். லேசான பிளாஸ்டிக் நாற்காலியும் பள்ளமான கயிற்றுக் கட்டிலும் இவர்களுக்குச் சரிப்படாது. கைப்பிடி உள்ள, உயரமான, கனமான நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள்.

காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் நடக்கவிடக் கூடாது. இந்த நோயிலும், இதற்கான மாத்திரையிலும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிஷம் உட்காரட்டும். கண் இருட்டினால் திரும்பப் படுக்க வைத்து, டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாத்திரை நேரத்தைப் பார்க்காமல் குளிக்க வைத்ததும் என் தவறுதான். இந்த நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் உடம்பு வசப்படும், அது இறங்கினால் கட்டைபோல் ஆகிவிடும். குளியல், படி இறங்குவது எல்லாம் மாத்திரை பிடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பால், பருப்பு, முட்டை போன்ற புரதத்தோடு சேர்ந்து போனால் சிலருக்கு மாத்திரை சரியாகப் பிடிக்காது. சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடிக்க விடாதீர்கள், பிய்த்துக்கொண்டு வரும். சுவரில் திருகிய கைப்பிடி வேண்டும். உள்தாழ்ப்பாள் போடக் கூடாது. மிதியடி, சாக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வாசல் தெளித்த ஈரம் காயும்வரை அவர் வெளியே வர வேண்டாம். வேட்டி, லுங்கி கணுக்காலுக்கு மேலேயே இருக்கட்டும். இரவில் கழிவறைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

விழுந்துவிட்டால் பதறித் தூக்காதீர்கள், எனக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். தலையில் அடி பட்டதா, இடுப்பு வலிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இடுப்பில் கடுமையான வலி இருந்தாலோ கால் கோணலாகத் தெரிந்தாலோ அசைக்காமல் 108ஐ அழையுங்கள். ஒன்றுமில்லை என்றால் ஒரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, ஒருக்களித்து, முழங்கால் போட்டு, அதைப் பிடித்து அவரே எழ நேரம் கொடுங்கள்.

பிசியோதெரபிக்கு அவரை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நான் கடைசியாக உணர்ந்த தவறு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவும் இருக்கிறது, பிசியோதெரபியும் இருக்கிறது. எங்கே போனாலும் நீங்களும் உள்ளே போங்கள். உங்கள் வீட்டு நிலையையும் குளியலறையையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, அவரை எழுப்புவதையும் திருப்புவதையும் அங்கேயே உங்கள் கையால் ஒருமுறை செய்து காட்டுங்கள். தப்பாகச் செய்தால் அவர்களே திருத்துவார்கள்.