"ஃபார்மட் போட்டுடலாம்" என்பதற்கு முன்னால்: எஃப்8 மெனுவில் செய்யக்கூடாத தவறுகள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் என்றோ அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்கள் சென்னையின் டிடிபி கடைகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இன்றும் விண்டோஸ் 7-இல் உழைத்துக்கொண்டிருக்கின்றன. சர்வீஸ் கற்றுக்கொள்ளும் பையன்கள் அவற்றைக் கையில் எடுத்ததும் அதே பழைய இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பவர் கேபிள், மானிட்டர் கேபிள் சமாச்சாரமெல்லாம் இங்கே வேண்டாம். விண்டோஸ் கிளம்பும் முன் எஃப்8 கீயைத் தட்டினால் வரும் பழுதுபார்க்கும் மெனுவைச் சுற்றியுள்ள தவறுகளை மட்டும் பார்ப்போம்.

## நீலத் திரையைப் படிக்காமல் ஃபார்மட் போடுவது

திருவல்லிக்கேணியில் ஒரு டிடிபி கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஊருக்குப் போகிறார்கள். திரும்பி வந்து ஆன் செய்தால் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று வருகிறது. எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் லோகோ வருகிறது, நீலமாக ஏதோ மின்னுகிறது, மறுபடி முதலிலிருந்து. வந்து பார்க்கும் பையன், "விண்டோஸ் கரப்ட் ஆயிடுச்சுண்ணே, ஃபார்மட் போட்டுடலாம்" என்கிறான். டிஸ்க்கில் இருப்பது கல்யாணப் பத்திரிகை டிசைன்களும், வருஷக்கணக்கில் சேர்த்த தமிழ் ஃபான்ட்களும். எல்லாம் போய்விடும்.

கரப்ட் ஆகவே இல்லை. செத்தது மதர்போர்டில் காசு மாதிரி உட்கார்ந்திருக்கும் 3 வோல்ட் பேட்டரி, சிஆர்2032. ப்ளக்கில் கரன்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளை பெட்டி) 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன் பேட்டரிக்குக் கை கொடுக்கும். சுவர் ஸ்விட்சை அணைத்தால் பாரம் முழுக்க பேட்டரி மேல். அது தளர்ந்திருந்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) செட்டிங் எல்லாம் டீஃபால்ட்டுக்குத் திரும்பிவிடும். மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் விதமான சாட்டா மோடும் அதில் ஒன்று; ஏஹெச்சிஐ, ஐடிஇ என்பவை அதன் வகைகள். ஏஹெச்சிஐ இருந்த இடத்தில் ஐடிஇ, அல்லது நேர்மாறாக. விண்டோஸ் 7 எந்த மோடில் இன்ஸ்டால் ஆனதோ அந்த மோடுக்கான டிரைவரை (ஒரு பாகத்தோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) மட்டுமே பூட் ஆகும்போது எழுப்பும். மோடு மாறினால் தன் சொந்த டிஸ்க்கே அதற்குத் தெரியாது. அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடிலும் இதே கதைதான்.

இதில் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்று உண்டு: ஃபார்மட் போட்டால் கம்ப்யூட்டர் ஓடிவிடும்! அப்போதிருக்கும் மோடுக்கேற்ற டிரைவரோடு விண்டோஸ் புதிதாக ஏறுகிறது, அவ்வளவுதான். பையனோ தான் சொன்னது சரி என்று நம்பி, அடுத்த கடையிலும் அதையே செய்வான்.

செய்ய வேண்டியது இது. ஆன் செய்து, பயாஸ் திரை போனதும் லோகோ வருவதற்குள் எஃப்8-ஐத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். மெனுவில் 'டிசேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட் ஆன் சிஸ்டம் ஃபெயிலியர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது நீலத் திரை அப்படியே நிற்கும். 'ஸ்டாப்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண் 7பி என்று முடிந்தால் பயாஸுக்குள் போங்கள், பெரும்பாலும் டெலிட் கீ. டிஸ்க்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரியாவிட்டால் சாட்டா கேபிளையும் டிஸ்க்கையும் சந்தேகப்படுங்கள். தெரிந்தால், சாட்டா மோடு இப்போது என்னவென்று குறித்துக்கொண்டு மாற்றி, எஃப்10 அழுத்தி சேவ் செய்யுங்கள். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) மெனுவுக்குள் போய் எதையும் புதிதாக உருவாக்க வேண்டாம். டெஸ்க்டாப் வந்ததும் பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, மோடை ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

உண்மையிலேயே ஃபார்மட் தேவைப்பட்டாலும், டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி காப்பி எடுத்த பிறகுதான்.

## 'லாஸ்ட் நோன் குட்'டை லாகின் செய்த பிறகு தேடுவது

புது டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் தகராறா? லாகின் செய்யாதீர்கள். மறுபடி ரீஸ்டார்ட் செய்து, எஃப்8 மெனுவில் 'லாஸ்ட் நோன் குட் கான்ஃபிகரேஷன்', அதாவது கடைசியாக நன்றாக ஓடிய நிலை, என்பதைத் தேர்ந்தெடுங்கள். நார்மலாக ஒருமுறை லாகின் ஆகிவிட்டால் விண்டோஸ் இந்தக் கெட்ட நிலையையே 'நல்லது' என்று பதிந்துகொள்ளும். பழையது கைவிட்டுப் போகும். இந்தத் தேர்வு திருப்பித் தருவதும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் இடம்) உள்ள டிரைவர், சர்வீஸ் செட்டிங்குகளை மட்டும்தான். அழிந்த ஃபைல் வராது.

## கடைசி வரியின் மேல் பழி போடுவது

சேஃப் மோடில் டிரைவர் பெயர்கள் ஓடி, கிளாஸ்பிஎன்பி என்ற வரியில் நின்றால் அந்த ஃபைலைத் தேடி மாற்றுகிறார்கள். திரையில் தெரிவது ஏறி முடிந்தது. சிக்கியது பெரும்பாலும் அதற்கு அடுத்தது, அல்லது டிஸ்க்கே. யுஎஸ்பியில் மாட்டியதையெல்லாம் கழற்றிவிட்டு, ரேமை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

## எஃப்8 வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுவது

பயாஸில் யுஎஸ்பி கீபோர்டு சப்போர்ட் அணைந்திருக்கலாம். ஊதா நிற பிஎஸ்/2 சாக்கெட்டில் பழைய கீபோர்டை மாட்டுங்கள். அசுஸ் போர்டில் எஃப்8 அழுத்தினால் பயாஸின் பூட் மெனு வந்து நிற்கும். அதில் ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்து என்டர் தட்டியவுடன் மறுபடி எஃப்8. விண்டோஸ் 8 முதல் இந்த மெனு வழக்கமாக வராது; ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

## டக் டக் என்று தட்டும் டிஸ்க்கில் செக்டிஸ்க் (டிஸ்க் பிழைகளைத் தேடும் விண்டோஸ் கருவி) ஓட்டுவது

வேண்டாம். முதலில் காப்பி.

## எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் டிக்

எம்எஸ்கான்ஃபிக் என்பது விண்டோஸ் எப்படி பூட் ஆக வேண்டும் என்று அமைக்கும் கருவி. அதில் சேஃப் பூட்டுக்கு டிக் போட்டால், டிக்கை எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுதான் வரும். பாஸ்வேர்டு கையில் இல்லாமல் டிக் போட்டுவிட்டால் அதை எடுக்க உள்ளேயே போக முடியாது. ஒரே ஒரு முறை சேஃப் மோடு வேண்டுமென்றால் எஃப்8 போதும்.