சிறு அரசு ஒப்பந்ததாரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, பொதுப்பணித்துறை என்று 10 லட்சம், 20 லட்சம் மதிப்பில் வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களில் பலர் கைதேர்ந்தவர்கள். கம்பி கட்டுவதிலும் கலவையிலும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வருஷக் கடைசியில் கையில் பெரிதாக ஒன்றும் நிற்பதில்லை. கேட்டால், டெண்டரில் ரேட்டைக் குறைத்துப் போட்டதால் வந்த நஷ்டம் என்பார்கள். அது ஓரளவுதான் உண்மை. நான் பார்த்தவரை, எழுத்தில் வாங்க வேண்டியதை அன்றைக்கே வாங்காமல் விடுவதில்தான் பெரும் பணம் போகிறது.

ஒரு சிறுபாலம் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அஸ்திவாரம் தோண்டும்போது எஸ்டிமேட்டில் சொன்ன ஆழத்தில் கெட்டி மண் கிடைக்கவில்லை. ஏ.இ. (துறையின் உதவிப் பொறியாளர்) வந்து பார்க்கிறார். "இன்னும் அரை மீட்டர் இறக்குங்க, பில்லுல சேர்த்துக்கலாம்" என்கிறார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. நீங்களும் தோண்டி, கான்கிரீட் போட்டு, மண்ணை மூடிவிடுகிறீர்கள். இரண்டு மாதத்தில் அவருக்கு மாறுதல் வந்துவிடுகிறது. புதிதாக வந்தவர் எஸ்டிமேட்டைப் பார்க்கிறார், பாலத்தைப் பார்க்கிறார். மண்ணுக்குள் இருக்கும் அரை மீட்டரை அவர் எப்படிப் பார்ப்பார்? தன் கையெழுத்தில் அதற்குப் பணம் போக அவர் ஏன் சம்மதிக்க வேண்டும்?

இங்கே செய்ய வேண்டியது ஒரு பக்கக் கடிதம். "இன்று தளத்தில் தாங்கள் அறிவுறுத்தியபடி அஸ்திவார ஆழம் இவ்வளவு கூட்டப்படுகிறது, கூடுதல் அளவுக்கு ஒப்புதல் வேண்டுகிறேன்" என்று அன்று மாலையே எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மேலதிகாரிக்கும் ஒரு நகல் போகட்டும். குழிக்குள் அளவு டேப்பை நிறுத்தி, தேதியும் இடமும் பதியும்படி போட்டோ எடுங்கள். எஸ்டிமேட்டிலேயே இல்லாத ஐட்டம் என்றால் ரேட் முடிவாகாமல் கை வைக்காதீர்கள். "கடிதம் கொடுத்தால் ஏ.இ. கோபித்துக்கொள்வார்" என்று தயங்குகிறவர்கள் உண்டு. மரியாதையாக எழுதினால் அவருக்கும் அது பாதுகாப்புதான். நாளை தணிக்கையில் கேட்டால் காட்ட அவர் கையிலும் ஒரு காகிதம் இருக்கும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. மாநில அரசுத் துறை போடும் ஒப்பந்தம் ஆளுநர் பெயரில், எழுத்தில், அதிகாரம் பெற்றவர் கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 299ஆவது பிரிவு. வாய்மொழியாகச் செய்த வேலைக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு சொல்கிறது. மேற்கு வங்கத்தில் பி.கே. மண்டல் என்ற நிறுவனம் அதிகாரிகள் கேட்டதன் பேரில் கட்டிக்கொடுத்த கட்டுமானங்களுக்கு இந்தப் பிரிவின் கீழ்தான் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. வேலை நடந்தது 1944-ல், தீர்ப்பு வந்தது 1961 டிசம்பரில். அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க எந்தச் சிறு ஒப்பந்ததாரரால் முடியும்?

அடுத்தது எம்-புக். அளவுப் புத்தகத்தில் என்ன பதிவாகிறதோ அதற்குத்தான் பணம். ஆனால் எத்தனை பேர் அதில் நீளம், அகலம், ஆழத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள்? அளவெடுக்கும்போது மேஸ்திரியை அனுப்பிவிட்டு நீங்கள் வேறு சைட்டுக்குப் போகாதீர்கள். மூடப்போகிற எதையும், அஸ்திவாரமோ கம்பியோ, மூடும் முன் அளந்து எழுதச் சொல்லுங்கள். அளவு குறைவாகத் தெரிந்தால் ஆட்சேபத்தை அப்போதே எழுதிக் கொடுங்கள்.

கால நீட்டிப்பிலும் இதே கதைதான். இடத்தை ஒப்படைக்கத் துறை தாமதிக்கும். மின்கம்பத்தை மாற்றித் தர மாட்டார்கள். தாமதம் அவர்களுடையது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் நீங்கள் ஒன்றும் எழுதமாட்டீர்கள். கெடு முடிந்தபின் அபராதம் பிடிப்பார்கள். காரணம் தோன்றியதுமே கடிதம் கொடுங்கள், கெடு முடியும் முன் நீட்டிப்பு கேளுங்கள்.

இறுதி பில் வரும்போது ஒரு அவசரம் வந்துவிடும். சிமெண்ட் கடைக்காரர் வாசலில் நிற்பார். அந்த நேரத்தில் "எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்துக் கேட்பார்கள். போட்டுவிட்டால் விடுபட்ட தொகையை அப்புறம் கேட்பது கடினம். கட்டாயத்தால் போட்டேன் என்று நீதிமன்றத்தில் சொல்லலாம்தான், ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பாக்கிக்கான உரிமையைக் கைவிடவில்லை என்று பில்லிலேயே எழுதுங்கள். எழுத விடவில்லை என்றால் அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பிடித்தம் செய்த செக்யூரிட்டி டெபாசிட்டையும் மறந்துவிடாதீர்கள். பராமரிப்புக் காலம் முடிந்ததும் தானாக வரும் என்று காத்திருந்தால் கோப்பு அப்படியே கிடக்கும். முடியும் தேதியைக் குறித்து வைத்து விண்ணப்பம் கொடுங்கள்.

"ஃபண்டு வரட்டும், தர்றோம்" என்ற பேச்சை நம்பி வருஷங்களைக் கடத்துவது இன்னொரு பெரிய தவறு. பணம் தரும் தேதி குறிப்பிடாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது காலவரையறைச் சட்டம். நீங்கள் அனுப்பும் நினைவூட்டல் கடிதங்கள் எத்தனை இருந்தாலும் அந்தக் கெடுவை நீட்டிக்காது. பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு அந்த 3 ஆண்டுகளுக்குள் துறை கையெழுத்திட்டுக் கொடுத்த கடிதம் நீட்டிக்கும். ஆகவே "என் பாக்கி எவ்வளவு, எந்த நிலையில் உள்ளது" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்க முயலுங்கள். அரசின் மீது சிவில் வழக்குப் போட 2 மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். வக்கீலிடம் போவதைக் கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள்.

வரியில் இரண்டு இடம் மட்டும் சொல்கிறேன். கேட்கிற ரேட்டில் ஜி.எஸ்.டி. அடக்கமா, தனியா என்பதை டெண்டர் நோட்டீஸில் படித்துவிட்டு ரேட் போடுங்கள். 2022 ஜூலையில் அரசுக் கட்டுமான வேலைகள் பலவற்றுக்கு வரி 12-லிருந்து 18 சதவீதமானபோது, அடக்க ரேட்டில் வேலை எடுத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். இரண்டாவது, 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் துறை பில்லிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் 2 சதவீத வரி, அதாவது ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். அது உங்கள் பணம். ஜி.எஸ்.டி. போர்ட்டலில் நீங்கள் அக்செப்ட் கொடுத்தால்தான் உங்கள் கேஷ் லெட்ஜரில் (வரி கட்டப் பயன்படும் ரொக்கக் கணக்கில்) சேரும். மாதாமாதம் பாருங்கள், பிடித்த தொகை அங்கே வரவில்லையென்றால் துறையின் கணக்குப் பிரிவில் கேளுங்கள்.

உத்யம் சான்றிதழ் (குறு, சிறு, நடுத்தர நிறுவனமாகப் பதிந்ததற்கான சான்று) இருந்தால் 45 நாளில் பணம் வரும், தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி கிடைக்கும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அந்த நிறுவனங்களுக்கான சட்டத்தில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் கட்டுமான வேலை ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது என்று பம்பாய், டெல்லி உயர் நீதிமன்றங்கள் தீர்ப்புகள் தந்திருக்கின்றன. பொருளோ சேவையோ வழங்குகிறவர்கள்கூட ஒப்பந்தத்துக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-ல் இன்னொரு அமர்வு அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. பதிவுக்குச் செலவில்லை, இன்றே செய்துவிடுங்கள். ஆனால் அதைக் காட்டினால் இ.எம்.டி. (டெண்டருடன் கட்டும் முன்வைப்புத் தொகை) கட்ட வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். நோட்டீஸில் விலக்கு என்று தெளிவாக இல்லாவிட்டால் உங்கள் டெண்டரைத் திறந்த உடனே தள்ளிவிடுவார்கள்.

லைசென்ஸை நண்பருக்குக் கொடுத்து, கமிஷன் வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை உடனே விடுங்கள். பில் உங்கள் கணக்கில் விழும், வரி உங்கள் பெயரில் வரும், சுவர் விரிசல் விட்டாலும் தளத்தில் தொழிலாளி அடிபட்டாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வேலையைப் பேசிப் பிரித்துக்கொண்டு டெண்டர் போடுவதையும் போட்டிச் சட்டம் தடை செய்திருக்கிறது. லஞ்சத்தில் கொடுத்தவரையும் தண்டிக்கும்படி 2018-ல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது, 7 ஆண்டு வரை சிறை. வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தால் 7 நாளுக்குள் புகார் செய்தால் அந்தச் சட்டம் உங்களைக் காக்கும். நேர்மையாகத் தொழில் செய்ய நினைப்பவர் இந்த 7 நாளைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கறுப்புப் பட்டியல் (இனி டெண்டர் போட விடாமல் தடுப்பது) நோட்டீஸ் வந்தால் பயந்துபோய் அலுவலகத்தில் ஆள் பிடிக்க ஓடுகிறார்கள், பதில் எழுதும் கெடு தாண்டிவிடுகிறது. விளக்கம் கேட்காமல் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1974-லேயே சொல்லிவிட்டது. அப்படிச் சேர்க்கும் உத்தேசம் நோட்டீஸிலேயே தெரிய வேண்டும் என்று 2014-ல் தெளிவுபடுத்தியது. நோட்டீஸை வரிவரியாகப் படியுங்கள். கேட்ட ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் கடித நகல், போட்டோ, எம்-புக் பக்கம் சேர்த்துக் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். நேரம் போதாவிட்டால் கூடுதல் நாள் கேட்டு எழுதுங்கள், அந்த நகலிலும் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.