பொக்கே அனுப்பும் முன்: எங்கெங்கே சறுக்குகிறோம்

பொக்கே கடையில் முதலில் கண் போவது நிறத்தின் மேல். அடுத்தது விலை. கைமாறிய பிறகு அது எங்கே இருக்கும், யார் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று யோசிப்பவர்கள் குறைவு. கல்யாண மேடைக்கு ஏற்ற கட்டு ஆஸ்பத்திரி அறைக்கு ஆகாது. ஆபீஸ் ஏசியில் நான்கு நாள் நிற்கும் பூ, வெயில் விழும் வரவேற்பறை ஜன்னலோரம் ஒரே நாளில் தொங்கிவிடும். வாடிப்போனால் கடைக்காரரைத் திட்டுகிறோம். பாதி நேரம் தவறு ஆர்டர் கொடுக்கும்போதே நடந்திருக்கும்.

“இன்னைக்குப் பறிச்சது” என்பதை நம்புவது

தமிழ்நாட்டுக் கடைகளுக்கு வரும் டச்சு ரோஜாவில் பெரும்பகுதி ஓசூர் வட்டாரத்துப் பசுமைக்குடில்களில் விளைவது. பாகலூர், பேரிகை, தளி பக்கம் வெட்டி, குளிர் அறையில் வைத்து, தரம் பிரித்து, 20 தண்டு கொண்ட கட்டுகளாக வண்டியில் ஏற்றுகிறார்கள். கார்னேஷனும் லில்லியும் நீலகிரியிலிருந்து இறங்குகின்றன. ஓசூருக்கும் சென்னைக்கும் 300 கிலோமீட்டருக்கு மேல். ஆக, காலையில் கடை வாளியில் நிற்கும் ரோஜாவுக்குக் குறைந்தது ஒரு நாள் வயது. இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தாலும் குற்றமில்லை. 2 முதல் 5 டிகிரி குளிரில் இருந்து, தண்ணீரும் குடித்த ரோஜா மூன்றாம் நாளும் நிமிர்ந்து நிற்கும். வெயிலில் தண்ணீர் இல்லாமல் கிடந்தது, அன்று காலை பறித்ததாகவே இருந்தாலும், சாயங்காலத்துக்குள் தலை கவிழ்ந்துவிடும்.

அதனால் எப்போது பறித்தது என்று கேட்பதைவிட விரலால் பார்ப்பது மேல். ரோஜாவின் இதழ்கள் காம்போடு சேரும் அடிப்பகுதியை இரண்டு விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதுசு. பஞ்சு மாதிரி அமுங்கினால் பழசு. வெளிப்புறம் பச்சைக் கறையோடு, ஓரம் சுருண்டு ஓரிரு இதழ்கள் இருக்கும். அவை காவல் இதழ்கள், உள்ளே இருப்பதைப் பயணத்தில் காப்பவை. அதைப் பார்த்துவிட்டு “அடிபட்ட பூ” என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. உண்மையில் அது நல்ல அறிகுறி. கட்டும்போது அவற்றைப் பிய்த்துவிட்டால் போதும். வெளி இதழே இல்லாமல் பூ மட்டும் சின்னதாக, மழுமழுவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: வாட வாட உரித்து உரித்து நிறுத்தியிருக்கலாம்.

முழுசாக விரிந்த ரோஜா போட்டோவுக்கு அழகு, மறுநாள் உதிரும். அதற்காக இறுக மூடிய மொட்டாகக் கேட்பதும் தப்பு. பருவம் வருமுன் வெட்டிய மொட்டு விரியாமலே கழுத்து வளைந்து கருகும். வெளி இதழ் ஒன்றிரண்டு விலகத் தொடங்கிய நிலைதான் சரி. லில்லி நேர் எதிர். ஒரு தண்டில் ஒரு மொட்டு நிறம் காட்டி, மற்றவை மூடியிருந்தால் வாரம் முழுக்க ஒவ்வொன்றாக விரியும்.

ஜெர்பராவுக்கு ஒரு வார்த்தை. தண்டு உள்ளே வெற்றிடமானது, மேலே பூனைமுடி. கழுத்து சட்டென்று மடியும். கம்பி சுற்றாமல், உறிஞ்சுகுழல் செருகாமல் கட்டினால் பைக்கில் ஒரு ஸ்பீட் பிரேக்கருக்கே தாங்காது. தண்ணீரும் நான்கைந்து சென்டிமீட்டர் போதும். கழுத்தளவு ஊற்றினால் தண்டு அழுகும்.

நீல ரோஜா, நீல ஆர்கிட் கேட்பவர்களுக்கு: அந்த நீலம் செடியில் வந்ததல்ல, சாயம். வெள்ளைப் பூவுக்குத் தண்டு வழியாக ஏற்றுவார்கள், அல்லது மேலே தெளிப்பார்கள். தண்டு நுனியிலிருந்து சொட்டும் நீர் நீலமாகவே சொட்டும். பட்டுப்புடவை கட்டிய மணப்பெண்ணின் மடியில் அதை வைக்கிறோம் என்பது கொடுக்கும்போது ஞாபகம் வருவதில்லை. ஜிகினா தெளித்த பூவும் இதே ரகம்.

வழியில் சாவது

பூவுக்கு நடக்கும் கொடுமையில் முக்கால்வாசி கடைக்கும் வீட்டுக்கும் நடுவில்தான். வெட்டிய தண்டு தண்ணீரை விட்டு வெளியே இருக்கும்போது அடி நுனியில் காற்றுக் குமிழி ஏறி, குழாய் அடைத்துக்கொள்கிறது. பிறகு குவளை நிறையத் தண்ணீர் இருந்தும் மேலே போகாது. அரை மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் தண்டின் அடியில் ஈரப் பஞ்சு சுற்றி, மேலே பிளாஸ்டிக் அல்லது ஃபாயில் கட்டித் தரச் சொல்லுங்கள். கடையில் கேட்டால் கட்டிக் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் ரிப்பன் மட்டும்தான்.

செலோபேன் தாளைச் சுற்றிலும் இறுக்கி மூடினால் உள்ளே வியர்க்கும். மேலே திறந்திருக்கட்டும். தாளுக்குள் முத்து முத்தாக நீர் கோத்துவிட்டால் இதழில் பழுப்புப் புள்ளி விழும், அது பூஞ்சை. புதுசாகத் தெரியட்டும் என்று கடைசி நிமிடத்தில் பூவின் மேல் தண்ணீர் தெளிப்பதும் இதற்குத்தான் வழி செய்கிறது. மே மாதம் பூட்டிய காரில் பொக்கேயை வைத்துவிட்டு “அஞ்சே நிமிஷம்” என்று டிபனுக்கு இறங்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாளைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது இன்னொரு பழக்கம். கீழ்த் தட்டில் மாம்பழமும் வாழைப்பழமும் தக்காளியும் இருக்கும். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. கார்னேஷன் அதில் மாட்டினால் இதழ் உள்ளே சுருண்டு, தூங்கினது போல மூடிக்கொள்ளும், திரும்ப விரியாது. ஆர்கிட்டும் ஆந்தூரியமும் வெப்ப நாட்டுப் பூக்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் கறுக்கும். ரோஜாவுக்கு நல்லது செய்யும் ஃப்ரிட்ஜ் அவற்றைக் கொன்றுவிடும். கலந்து கட்டிய பொக்கே என்றால் ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல், வீட்டின் இருட்டான, காற்று அடிக்காத மூலையில் வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள்.

கூடைப் பொக்கேயில் பச்சை ஸ்பாஞ்ச் இருக்கும். நீங்களே செய்வதானால், அதை அகலமான வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக மூழ்கவிட வேண்டும். ஒரு நிமிடம் போல ஆகும். அவசரத்தில் கையால் அமுக்கினால் வெளியே ஈரம், நடுவில் காய்ந்த கட்டி. பூ குத்திய அன்று தெரியாது, மறுநாள் நடுவில் உள்ளவை மட்டும் தொங்கும். குத்திய தண்டைப் பிடுங்கி அதே ஓட்டையில் திரும்பச் செருகவும் கூடாது, நுனிக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் காற்று நிற்கும்.

சந்தர்ப்பம் பார்த்து

ரிசப்ஷன் மேடை. பொக்கே கையில் கொடுத்து, போட்டோ எடுத்து, பத்து விநாடியில் அது சோபாவுக்குப் பின்னால் போய்ச் சேரும். மறுநாள் மண்டபம் காலி செய்யும்போது அள்ளி எடுத்துப் போகிறவர்கள் யாருமில்லை. இரண்டடி உயரக் கூடைக்குச் செலவழித்த காசு அங்கே குப்பையாகிறது. மேடைக்கு என்றால் ஒரு கையில் பிடிக்கிற அளவு, மகரந்தம் சிந்தாத பூ போதும். பெரிதாகத்தான் கொடுக்க வேண்டுமா? மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்து அவர்கள் தனிக்குடித்தனம் வந்த வாரம் வீட்டுக்கு அனுப்புங்கள். மொய்க் கவரைப் பொக்கேக்குள் செருகிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

கிரகப்பிரவேசம். அன்றைக்கு அந்த வீட்டில் குவளையும் இருக்காது, குவளை தேட ஆளும் இருக்காது. கூடையோ, குவளையோடு சேர்ந்ததோ அனுப்புங்கள். ஹோமப் புகையிலும் எத்திலீன் உண்டு. கார்னேஷனைத் தவிர்த்துவிட்டு ஆந்தூரியம், செவ்வந்தி என்று போனால் தாங்கும். சாமிக்குச் சூட்டுவார்கள் என்று நினைத்து அனுப்பாதீர்கள். பொக்கேப் பூவைப் பலர் பூஜைக்கு எடுப்பதில்லை. அதற்கு உதிரிப்பூவோ சரமோ தனியாக வாங்கிப் போவதே வழக்கம்.

ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பூ போகாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கீமோ எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் இருக்கும் அறைக்கும் வேண்டாம். குவளைத் தண்ணீரில் வளரும் கிருமி நமக்கு ஒன்றும் செய்யாது, எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு அப்படியில்லை. பிரசவ அறைக்குச் சம்பங்கி, வாசனை லில்லி அனுப்பினால் மூடிய ஏசி அறையில் தாய்க்குத் தலைவலி மிச்சம். வார்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, முடிந்தவரை டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் வீட்டுக்கு அனுப்புங்கள். அப்போதுதான் பார்க்கவும் தெம்பு இருக்கும்.

துக்க வீடு. இங்கே பொக்கே என்ற வடிவமே தவறு. பளபளக்கும் தாளும் ரிப்பனும் அந்த இடத்தில் கண்ணை உறுத்தும். ரோஜா மாலை, சம்பங்கி மாலை. அமைப்பு சார்பில் என்றால் மலர் வளையம். கிறிஸ்தவ வீடுகளில் வெள்ளைப் பூவில் சிலுவை வடிவமோ வளையமோ ஏற்கப்படும். இஸ்லாமியர் வீடுகளில் பெரும்பாலும் பூ எதிர்பார்ப்பதில்லை, நேரில் போய் நிற்பதுதான் பெரிது. எடுக்கும் நேரத்தைக் கேட்காமல் ஆர்டர் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு மாலை வந்து திண்ணையில் கிடப்பதும் நடக்கிறது.

இதன் மறுபக்கம், நல்ல காரியத்துக்கு வெள்ளை கூடாதா என்ற கேள்வி. மல்லிகையே வெள்ளைதானே! நிறம் குற்றமில்லை. முழுக்க வெள்ளையாக, வட்டமாக, ஸ்டாண்டில் நிறுத்தினால்தான் மலர் வளையத்தை ஞாபகப்படுத்தும். நடுவில் மஞ்சளோ ரோஸோ நான்கு பூ வந்தால் அந்தச் சாயல் போய்விடும்.

பிப்ரவரி 14. சிவப்பு ரோஜாவுக்கு நாடு முழுக்க ஒரே நாளில் கை நீளும், வெளிநாட்டுக்கும் போகும். விலை ஏறுவதோடு, முன்கூட்டியே வெட்டிக் குளிரில் அடைத்த சரக்கும் வெளியே வரும். வேறு நிறமோ வேறு பூவோ போதும் என்றால் அதே காசுக்கு இருமடங்கு நல்ல பூ கிடைக்கலாம். சிவப்புதான் என்றால் தண்டு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டு விலை பேசுங்கள். 40 சென்டிமீட்டர் தண்டுக்கும் 60 சென்டிமீட்டர் தண்டுக்கும் பூவின் அளவே மாறும்.

வெளியூர், வெளிநாடு

ஆன்லைனில் பார்க்கிற படம் ஒன்று, அந்த ஊர்க் கடையில் கட்டுவது வேறு. படத்தில் உள்ள பூ இல்லையென்றால் கடைக்காரர் இருப்பதை வைத்து நிரப்புவார். குறிப்பு எழுதும் கட்டத்தில் “நிறம் மாறக் கூடாது, பூ மாறலாம்” என்றோ “செவ்வந்தி வேண்டாம்” என்றோ எழுதிவிட்டால் பிறகு சண்டை வராது.

செவ்வந்தி விஷயத்தில் கவனம் தேவை. நமக்கு அது மங்கலப் பூ. பிரான்சில் நவம்பர் 1 அன்று கல்லறைகளில் வைக்கும் பூ. பாரிஸில் இருக்கும் அக்காவின் பிரெஞ்சு மாமியாருக்கு அதைக் கொடுத்தால் முகம் மாறும். ஜப்பானிலும் வெள்ளைச் செவ்வந்தி துக்கத்துக்கு. ரஷ்யாவில் இரட்டைப்படை எண்ணிக்கை சாவுக்கு, வாழும் மனிதருக்கு ஒற்றைப்படைதான். ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போனால் தாளைப் பிரித்துவிட்டுப் பூவை மட்டும் கொடுப்பது பழைய மரியாதை.

அன்னையர் தினத்தில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். இந்தியாவில் மே மாத இரண்டாவது ஞாயிறு. லண்டனில் இருக்கும் அம்மாவுக்கு அந்தத் தேதியில் அனுப்பினால் தாமதம். பிரிட்டனில் அது ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு வரும் ஞாயிறு, பெரும்பாலும் மார்ச்சிலேயே போய்விடும். டொரொண்டோவில் ஜனவரியில் வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்வது இன்னொரு ஆபத்து. உறைந்த இதழ் வீட்டுக்குள் வந்ததும் கண்ணாடி மாதிரி ஆகி, பிறகு கறுத்துக் கூழாகும். ஆள் இருக்கும் நேரத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

அட்டையும் முகவரியும்

சர்ப்ரைஸ் என்பதற்காகப் பொக்கே போய்ச் சேர வேண்டியவரின் எண்ணுக்குப் பதில் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்துவிடாதீர்கள். டெலிவரி தம்பி கேட்டில் நின்று மூன்று தடவை அழைத்துவிட்டு, செக்யூரிட்டி மேசையில் வைத்துவிட்டுப் போவார். நள்ளிரவு டெலிவரிக்கு அபார்ட்மென்டில் அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். அந்தப் பொக்கே மாலை ஏழு மணிக்கே கட்டி வைத்ததாக இருக்கும் என்பதால் ஈரப் பஞ்சு அவசியம்.

அட்டையைத் தாளில் பின் குத்தினால் தாள் கிழியும்போது அதுவும் போகும். தண்டோடு நூலால் கட்டச் சொல்லுங்கள். “அன்புடன் குமார்” என்று எழுதினால் எந்தக் குமார் என்று அந்த வீட்டில் பட்டிமன்றம் நடக்கும். ஊரோ உறவோ ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

பொக்கே போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு

தாளைப் பிரித்து, தண்டை 2 சென்டிமீட்டர் சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். வெட்டுவதற்குக் கத்தரிக்கோலைவிடக் கூர்மையான கத்தி நல்லது. மழுங்கிய கத்தரிக்கோல் குழாயை நசுக்கும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. கூடை என்றால் தினம் ஒரு டம்ளர் தண்ணீர் நடு ஸ்பாஞ்சில். தலை சாய்ந்த ரோஜாவைத் தூக்கி எறிய வேண்டாம். தண்ணீருக்குள் வைத்தபடியே அடியை வெட்டி, கழுத்து நேராக நிற்கும்படி நியூஸ்பேப்பரில் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் பல சமயம் எழுந்துவிடும்.

லில்லி இருந்தால் ஒவ்வொரு பூ விரியும்போதும் நடுவில் உள்ள மகரந்தப் பைகளை டிஷ்யூவால் பிடித்து உருவ வேண்டும். துணியில் பட்டுவிட்டால் ஈரத்தால் துடைக்கக் கூடாது, கறை பிடித்துக்கொள்ளும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் வந்துவிடும். பூனை வளர்க்கும் வீட்டுக்கு லில்லியே அனுப்பாதீர்கள். இலையைக் கடித்தாலும், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், குவளைத் தண்ணீரைக் குடித்தாலும் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். அந்த வீட்டுக்கு ரோஜாவும் ஜெர்பராவும் போதும், அவை பூனைக்கு நஞ்சில்லை.