முழங்கை எந்த வகை நெம்பு? மூட்டுப் பாடத்தில விடுற பிழைகள்

கொழும்பில வெள்ளவத்தைப் பக்கம் டியூஷன் கொப்பிகளைப் பாத்தா ஒரு வரி கட்டாயம் இருக்கும், "முழங்கை மூன்றாம் வகை நெம்பு" எண்டு, அடியில கோடும் கீறி. அது அரைவாசிதான் சரி. நெம்பு எண்டா ஒரு புள்ளியில ஊண்டித் திரும்புற கோல், அந்தப் புள்ளிதான் பொறுதி. மூட்டுக்கெண்டு ஒரு வகை கிடையாது, எந்தத் தசை இழுக்குது, சுமை எங்க, பொறுதி எங்க எண்டு பாத்து, இந்த மூண்டில எது நடுவில வருது எண்டதை வச்சுத்தான் வகை சொல்லோணும். கையை மடக்கி சாமான் பையைத் தூக்கேக்க புயத்தின்ட முன்பக்க இருதலைத் தசை இழுக்கிற இடம் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில இருக்கு, அதால மூன்றாம் வகை. அதே கையை நீட்டி 100ஆம் நம்பர் பஸ்ஸில வாசலை அடைச்சு நிக்கிற சனத்தைத் தள்ளிக்கொண்டு இறங்குங்கோ, இப்ப வேலை செய்யிறது பின்பக்க முத்தலைத் தசை, அது முழங்கைக்குப் பின்னால நீட்டிக்கொண்டிருக்கிற எலும்பு முனையைப் பிடிச்சு இழுக்குது, பொறுதி நடுவில வந்திடும், முதலாம் வகை.

தள்ளுறது எண்டு சொன்னாலும் தசை தள்ளாது, இழுக்க மட்டும்தான் அதால ஏலும். அதாலதான் மடக்க ஒண்டு, நீட்ட ஒண்டு எண்டு சோடியா இருக்கு. இதை விளங்கினவையும் அடுத்த இடத்தில சறுக்குவினம்: தேத்தண்ணிக் கோப்பையை மெதுவா மேசையில இறக்கேக்க கை நீளுது, அப்ப முத்தலைத் தசைதானே வேலை செய்யுது எண்டு எழுதுவினம். இல்ல, கோப்பையைக் கீழ இழுக்கிறது புவியீர்ப்பு, அது டக்கெண்டு விழாம பிடிச்சுப் பிடிச்சு விடுறது அதே இருதலைத் தசைதான். மற்றக் கையால புயத்தைத் தொட்டுப் பாருங்கோ, இறுகித்தான் இருக்கும்.

நெம்பு எண்டா பலம் மிச்சம் எண்டு நினைக்கிறது இன்னொண்டு. கணக்கைப் பாருங்கோ, தசை எலும்பில பிடிக்கிற இடம் முழங்கையில இருந்து ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர், உள்ளங்கை 35 எண்டு வைப்பம், முன்கை கிடையா இருக்கேக்க 5 கிலோ அரிசிப் பையைப் பிடிக்க தசை 35 கிலோ அளவுக்கு இழுக்கோணும், இதில கையின்ட சொந்தப் பாரம் சேரேல்ல. பலத்தில நட்டம்தான், ஆனா தசை இழுக்கிற இடம் 1 சென்ரிமீற்றர் அசைய உள்ளங்கை 7 அசையும், பந்து எறியிறவனுக்கு அந்த வேகம்தான் வேணும்.

நுனிக்காலில நிக்கிற படத்தில கணுக்காலைப் பொறுதி எண்டு குறிக்கிறவையும் இருக்கினம். நிலத்தில ஊண்டியிருக்கிற பெருவிரல் அடிப்பக்கம்தான் பொறுதி, உடம்புப் பாரம் நடுவில, பின்னால குதியைக் கெண்டைக்கால் தசை தூக்குது, அது இரண்டாம் வகை.

இது சோதினைக்கு மட்டும் உள்ள விஷயமில்ல. காஸ் சிலிண்டரைத் தூக்கேக்க முழங்காலை மடக்கினாக் காணும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், ஆனா மடக்கிப்போட்டு சிலிண்டரைத் தள்ளி வச்சுத் தூக்கினா பெரிசா பிரயோசனமில்ல, ஏனெண்டா முள்ளந்தண்டை நிமித்துற தசைக்கும் எத்தனப்புயம், அதாவது பொறுதியில இருந்து தசை இழுக்கிற தூரம், சில சென்ரிமீற்றர்தான், சுமை தள்ளிப் போகப் போக இடுப்புக்கு அடி கூடும். புறக்கோட்டையில மூட்டை சுமக்கிற நாட்டாமைமாரைப் பாருங்கோ, மூட்டை முதுகோட ஒட்டித்தான் இருக்கும், ஒருத்தரும் கை நீட்டிப் பிடிக்கிறேல்ல.

கடைசியா, உள்ளங்கையைத் திருப்புறது மணிக்கட்டு எண்டு எழுதாதேங்கோ. முன்கையில உள்ள ரெண்டு எலும்பில ஒண்டு மற்றதைச் சுத்தித் திரும்புது, அதுதான் அசைவு. உள்ளங்கையை மேல் பாக்கத் திருப்பேக்க இருதலைத் தசையும் சேந்து இழுக்கும், வலக்கையால ஸ்க்ரூவை இறுக்கிறது கழட்டுறதை விட லேசா இருக்கிறது அதாலதான்.