வன்னியில் வீட்டு 4ஜி இழுக்கவில்லையா? வெளி அன்டெனா பூட்டும் முறை

கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரம், டவருக்குக் கிட்ட வீடிருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத் தேவைப்படாது. ரவுட்டரை மேசையில் வைத்துச் சிம்மைப் போட்டாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். வீதியை விட்டு உள்ளே இறங்கினால்தான் கரைச்சல். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய், முழங்காவில் பக்கமெல்லாம் டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் காடோ தேக்கந்தோட்டமோ வந்து நின்றுவிடும். வன்னி நிலம் தட்டை, மறைக்க மலை கிடையாது. அதனால் இங்கே சிக்னலைத் தின்பவை மூன்று: தூரம், மரம், நம் வீட்டுக் கூரை. தூரத்தை நாம் குறைக்க முடியாது. மற்ற இரண்டையும் அன்டெனாவை வெளியே எடுத்து உயர்த்தினால் ஓரளவு சமாளிக்கலாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். வீட்டுக்குள் ரவுட்டரிலிருந்து போனுக்கு வருவது வைஃபை. டவரிலிருந்து ரவுட்டருக்கு வருவது 4ஜி. இரண்டும் வேறு வேறு. பின் அறையில் மட்டும் வீடியோ நின்று நின்று ஓடுகிறது, ரவுட்டருக்குப் பக்கத்தில் போனால் நன்றாக ஓடுகிறது என்றால் உங்கள் பிரச்சினை வைஃபை. அதற்குக் கூரையில் அன்டெனா பூட்டிப் பயனில்லை. ரவுட்டருக்கு ஒரு முழம் தள்ளி இருந்தும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

முதல் வேலை: எண்களைப் பாருங்கள்

ரவுட்டரில் எரியும் சிக்னல் கட்டைகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பனியும் அதை ஒவ்வொரு விதமாகக் காட்டும். ரவுட்டரின் வைஃபையில் போனை இணைத்து, பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடியுங்கள். ஹூவாவே ரவுட்டர்களில் பெரும்பாலும் 192.168.8.1, இசட்.டி.இ. (ZTE) போன்றவற்றில் 192.168.0.1 அல்லது 192.168.1.1. முகவரியும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். உள்ளே போய்ச் சாதனத் தகவல் என்ற பக்கத்தைத் தேடுங்கள். அங்கே இரண்டு எண்கள் முக்கியம்.

ஒன்று ஆர்.எஸ்.ஆர்.பி. டவரின் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேருகிறது என்பதைச் சொல்லும். எப்போதும் கழித்தல் குறியோடுதான் இருக்கும், பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. -80 என்றால் அருமை. -90 வரை நல்லது. -100 என்றால் ஓடும், ஆனால் மழைக்குத் தடுமாறும். -110க்குக் கீழே போனால் வாட்ஸ்அப் செய்தி மட்டும் போகும், படம் போகாது.

மற்றது எஸ்.ஐ.என்.ஆர். வந்த சிக்னல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதை இது காட்டும். 20க்கு மேல் மிக நல்லது, 10க்கு மேல் பரவாயில்லை, பூச்சியத்துக்குக் கீழே போனால் இரைச்சல்தான் மிஞ்சும். பலரும் முதல் எண்ணையே துரத்துவார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரியவர். ஆர்.எஸ்.ஆர்.பி. -100, எஸ்.ஐ.என்.ஆர். 15 உள்ள வீடு, -85, 2 உள்ள வீட்டை விட நன்றாக ஓடும்.

அதே பக்கத்தில் பேண்ட் என்று ஒரு எண்ணும் இருக்கும். 3 என்றால் 1800 மெகாஹேர்ட்ஸ், 8 என்றால் 900, 40 என்றால் 2300. அலைவரிசை கூடக் கூட மரங்களை ஊடுருவும் சக்தி குறையும். 40இல் நிற்கும் ரவுட்டருக்கு நடுவில் நிற்கும் பாலையும் முதிரையும் பெரிய சுவர். மழை பெய்து இலைகள் நனைந்தால் இன்னும் மோசம். அன்டெனா வாங்கும்போதும் இந்த எண் வேண்டும், குறித்து வையுங்கள்.

எண்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதிகாலை ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், இரவு 8 மணிக்கு ஒரு தரம். கூடவே வேகத்தையும் சோதித்து எழுதுங்கள். எண்கள் மூன்று நேரமும் ஒரே மாதிரி நன்றாக இருந்து, இரவில் மட்டும் வேகம் விழுந்தால் உங்கள் சிக்னலில் குறையில்லை, டவரில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அன்டெனா அதற்கு நேரடி மருந்தல்ல. வேறு திசையில் ஆட்கள் குறைந்த இன்னொரு டவர் இருந்து, அதை நோக்கித் திருப்ப முடிந்தால் மட்டும் பலன் உண்டு.

காசு செலவழிக்காமல் ஒரு சுற்று

தகரக் கூரைக்குக் கீழே ரவுட்டரை வைத்திருப்பது, அதைச் சட்டிக்குள் வைத்து மூடுவது போலத்தான். தகரம் சிக்னலை மேலே இருந்து வரவிடாது. ஆகவே ரவுட்டரை ஒவ்வொரு யன்னலாகக் கொண்டுபோய் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, எண்ணைப் பாருங்கள். இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தாங்கி பக்கத்தில் வேண்டாம். முடிந்தால் நீட்டு வயரில் முற்றத்துக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். முற்றத்தில் வைத்தவுடன் ஆர்.எஸ்.ஆர்.பி. 10 டெசிபல் (சிக்னல் பலத்தின் அளவு) ஏறினால், அதாவது -108 என்பது -98 ஆனால், வெளி அன்டெனா உங்களுக்குக் கட்டாயம் உதவும். சிலருக்கு இந்தச் சுற்றிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும், அன்டெனாக் காசு மிச்சம்.

டவர் எந்தப் பக்கம்?

அன்ட்ரொய்ட் போனில் செல்மேப்பர், நெட்வொர்க் செல் இன்ஃபோ போன்ற செயலிகள் இருக்கின்றன. ரவுட்டரில் உள்ள அதே கம்பனியின் சிம் போனில் இருக்க வேண்டும். வரைபடத்தில் காட்டும் டவர் இடம் சில வேளை கொஞ்சம் தள்ளி இருக்கும், அதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உறுதி செய்ய, மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். இரவில் டவர் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு வெட்டை வெளியில், வயல் பக்கம் நின்றால் தூரத்திலிருந்தே தெரியும்.

இன்னொரு சங்கதி: வீட்டு இணைப்புக்குத் தரும் சிம்கள் சில, குறிப்பிட்ட இடத்துக்கோ ரவுட்டருக்கோ கட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் வேறு டவரை நோக்கி அன்டெனாவைத் திருப்பினால் இணைப்பே கிடைக்காது. வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு அழைப்பு எடுத்து முதலில் கேட்டுவிடுங்கள்.

எந்த அன்டெனா?

ரவுட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூடியைக் கழற்றினால் பித்தளை நிறத்தில் திருகும் இரண்டு துளைகள் இருக்கிறதா? அது எஸ்.எம்.ஏ. பூட்டு. கையடக்க ரவுட்டர்களில் சின்ன டி.எஸ்.9 துளை இருக்கும். ஒன்றுமே இல்லாத ரவுட்டர்களும் உண்டு, அவற்றுக்கு அன்டெனா வாங்கிப் பயனில்லை, ரவுட்டரையே மாற்ற வேண்டும். கடையில் வைஃபை அன்டெனாவைத் தந்து அனுப்பிவிடுவார்கள், கவனம். அதன் பூட்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், நடு ஊசி மட்டும் மாறி இருக்கும். 4ஜி ரவுட்டரின் துளைக்கு, நடுவில் ஊசி உள்ள அன்டெனா முனை வேண்டும்.

இரண்டு துளை இருந்தால் இரண்டுக்கும் அன்டெனா வேண்டும். 4ஜி ஒரே நேரத்தில் இரண்டு வழியாகத் தரவை எடுக்கும், அதை மைமோ என்பார்கள். ஒன்றுக்கு மட்டும் பூட்டினால் ஆர்.எஸ்.ஆர்.பி. ஏறியும் வேகம் ஏறாமல் நிற்கும்.

வகைகளில் மீன்முள் போல் நீண்டு, முனை சிறுத்த லொக் பீரியடிக் அன்டெனாவைத்தான் புதியவர்களுக்குச் சொல்வேன். 700 முதல் 2700 மெகாஹேர்ட்ஸ் வரை எல்லாப் பேண்டையும் பிடிக்கும், திசை கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். இரண்டு வாங்குங்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு கேபிளோடு வரும் தட்டை வகையும் நல்லது, பூட்டுவதற்கு இலகு. வலைக்கிண்ணம் போன்ற பெரிய வகை மிகத் தூரத்துக்கு. அதன் பார்வை மிகக் குறுகியது, காற்றில் குழாய் சற்று ஆடினாலே சிக்னல் போய்விடும். சோளகக் காற்றுக் காலத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். எல்லாப் பக்கமும் பிடிக்கும் குச்சி அன்டெனாவை விட்டுவிடுங்கள், எல்லாப் பக்க இரைச்சலையும் சேர்த்துக்கொண்டு வரும்.

சுவரில் ஒட்டிப் பவர் கொடுக்கும் சிக்னல் பூஸ்டர் பெட்டிகள் பக்கம் போகவே வேண்டாம். அவை தாங்களே அலை அனுப்புகின்றன. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியில்லாமல் பாவிக்க முடியாது. போதாததற்கு அக்கம்பக்கத்து இணைப்பையும் குழப்பிவிடும்.

கேபிள்தான் கள்ளன்

இந்த இடத்தில்தான் அதிகம் பேரின் காசு வீணாகிறது. மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் 1800 மெகாஹேர்ட்ஸில் மீற்றருக்குக் கிட்டத்தட்ட 0.8 டெசிபல் தின்னும். 10 மீற்றர் இழுத்தால் 8 டெசிபல் போய்விடும். நீங்கள் வாங்கிய அன்டெனா தருவது 10 டெசிபல் என்றால் மிஞ்சுவது 2. பேண்ட் 40இல் இன்னும் கூடப் போகும். தடித்த எல்.எம்.ஆர். 400 வகைக் கேபிள் என்றால் அதே 10 மீற்றருக்கு 2 டெசிபல் சுற்றுத்தான். விலை கூட, வளைப்பதும் கஷ்டம். ஆனால் நீளம் 5 மீற்றரைத் தாண்டினால் வேறு வழியில்லை. 3 டெசிபல் போனால் பாதி சக்தி போனது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிவி அன்டெனாவின் பழைய கேபிள் கிடக்கிறதே என்று அதை வெட்டி ஒட்டவும் வேண்டாம். அது 75 ஓம் வகை, இது 50 ஓம் வகை, இரண்டும் பொருந்தாது.

கேபிள் நீளத்தைக் குறைக்க, ரவுட்டரைக் கூரைக்குக் கிட்டவே கொண்டுபோகலாம். சீற் கூரையின் இறவாரத்துக்குள், மழை படாத நிழலில், காற்றுத் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் ரவுட்டரை வைத்து, அங்கிருந்து கீழே சாதாரண லான் கேபிளை இழுங்கள். லான் கேபிள் 100 மீற்றர் வரை இழப்பில்லாமல் ஓடும். கீழே ஒரு சின்ன வைஃபை ரவுட்டர் போட்டுவிடலாம். வெயில் ஏறும் பெட்டி மட்டும் வேண்டாம். வன்னி வெயிலில் ரவுட்டர் சூடேறித் தானாக நின்று நின்று எழும்பும்.

பூட்டுவது

ஒன்றரை அங்குல இரும்புக் குழாய் போதும். ஓட்டுக்கு மேல் இரண்டு மூன்று மீற்றர் உயர்ந்தாலே வீட்டுப் பக்கத்துச் சின்ன மரங்களைத் தாண்டிவிடும். அதற்கு மேல் உயர்த்துவதானால் மூன்று பக்கம் இழுவைக் கம்பி கட்டுங்கள். மின்சார வயர் போகும் பக்கம் குழாயை நிமிர்த்தவே கூடாது. குழாய் சரிந்தாலும் வயரில் படாத தூரம் இருக்க வேண்டும்.

இரண்டு அன்டெனாவையும் ஒரே திசைக்குத் திருப்பி, ஒன்றை வலப்பக்கம் 45 பாகை, மற்றதை இடப்பக்கம் 45 பாகை சரித்துப் பூட்டுங்கள். முன்னால் நின்று பார்த்தால் பெருக்கல் குறி மாதிரித் தெரியும். டவர் அன்டெனாக்களும் இப்படிச் சரிவாகத்தான் அனுப்புகின்றன. வெளியே உள்ள ஒவ்வொரு பூட்டையும் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். வீட்டுக்குள் கேபிள் நுழையும் இடத்துக்கு முன் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். குரங்கு வரும் ஊரென்றால் கேபிளைக் குழாயோடு நெருக்கமாகக் கட்டுங்கள், தொங்கும் எதையும் அது பிடித்து இழுக்கும்.

திசை பிடிப்பது

இராமேஸ்வரம் தூரதர்சனைப் பிடிக்கக் கூரையில் ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே ஒருவர் ரிவிக்கு முன்னால் நின்று கத்திய காலம் ஞாபகம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வித்தியாசம், அவசரப்படக் கூடாது. ரவுட்டரின் சாதனத் தகவல் பக்கம் எண்ணைத் தாமதமாகத்தான் மாற்றும். 10, 15 பாகை திருப்பி, கால் நிமிடம் பொறுத்து, எஸ்.ஐ.என்.ஆர். எண்ணைக் கீழே இருப்பவர் சொல்ல வேண்டும். நல்ல இடம் கிடைத்ததும் அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாகத் திருப்பி உச்சத்தில் இறுக்குங்கள். போனின் திசைகாட்டியை இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், பிழையாகக் காட்டும்.

எண் ஏறவே இல்லையென்றால் ரவுட்டரின் அமைப்புகளுக்குள் அன்டெனா என்ற இடம் இருக்கிறதா பாருங்கள். ஹூவாவே ரவுட்டர்கள் பலவற்றில் அதை வெளி அன்டெனாவுக்கு மாற்றிவிட வேண்டும்.

இடி மின்னல்

இதைச் சாட்டுக்குச் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரைப் பின்னேரங்களிலும் இங்கே இடி கடுமை. வெட்டையில் உயர்ந்து நிற்கும் இரும்புக் குழாய் உங்களுடையதாகத்தான் இருக்கும். குழாயிலிருந்து தடித்த செப்புக் கம்பியை நிலத்தில் ஆழமாக அறைந்த கம்பிக்கு இணையுங்கள். கேபிளில் மின்னல் தாங்கி ஒன்றைப் பூட்டி அதையும் அந்த நிலக் கம்பியோடு சேர்த்துவிடுங்கள். வானம் கறுக்கும்போதே, இடி தொடங்குமுன், அன்டெனாக் கேபிளையும் ரவுட்டர் மின் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு எதிலும் கை வைக்க வேண்டாம்.

மாரி முடிந்ததும் ஏறி டேப்புகளைப் பாருங்கள். பூட்டுக்குள் தண்ணீர் போயிருந்தால் பச்சை பூத்திருக்கும், அந்த முனையை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும்.

இவ்வளவும் செய்தும் -115ஐத் தாண்டாத வீடுகள் காட்டோரங்களில் இருக்கின்றன. அங்கே மேலும் மேலும் பெரிய அன்டெனா வாங்குவதை விட, 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கின் விலையை விசாரிக்கலாம். அல்லது அயலில் நாலு வீடு சேர்ந்து கம்பனிக்கு எழுதலாம். எழுதும்போது இங்கே சிக்னல் இல்லை என்று மட்டும் எழுதாமல், கொப்பியில் உள்ள ஆர்.எஸ்.ஆர்.பி., எஸ்.ஐ.என்.ஆர்., பேண்ட், சாதனத் தகவல் பக்கத்தில் காட்டும் செல் ஐடி (டவரின் அடையாள எண்), பார்த்த நேரம் எல்லாவற்றையும் போடுங்கள். எந்த டவரின் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் பொறியியலாளருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும்.